நெற்றி இழந்தோருக்கு நீதி

நெற்றித் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் ரண சிகிச்சையை ஐரோப்பாவுக்குக் கற்பித்தது நமது தேசமே என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அது பொய்ப் பெருமையன்று. மூக்கறுபட்ட காவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் புனாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் அவ்விதம் மூக்கமைத்த விவரம் 1794-ல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814-ல் அம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். ஆனால் பழம்பெருமை இன்றைய புண்ணை ஆற்றாது. மூக்குக்கு நெற்றி கொடுத்தது. நெற்றியே போய்விட்டால் அதற்குக் கொடுப்பது எது?

அமிலம், மின்சாரம், புற்றுநோய், வாகன விபத்து ஆகியவற்றால் நெற்றியின் பெரும்பகுதியை இழப்போர் உளர். சிறு காயமாயின் அக்கம்பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்துவிடலாம். எலும்பை மூடிய சவ்வும் அழிந்துவிட்டாலோ, சீவியெடுத்த மெல்லிய தோல் அங்கே பற்றாது. அப்பொழுது முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலையும் அதன் அடித்தசையையும், அவற்றை வளர்க்கும் இரத்தக் குழாய்களோடு பெயர்த்தெடுத்து நெற்றியில் பொருத்துகிறார்கள். காதுக்கு முன்னே ஓடும் குழாய்களுடன் அவற்றை மைக்ராஸ்கோப்பின் துணைகொண்டு இணைக்கிறார்கள். குழாயின் பருமன் சில மில்லிமீட்டரே. தைக்கும் நூல் தலைமயிரினும் நுண்ணியது. அமெரிக்காவில் மக்லீன், பங்க்கி என்னும் வைத்தியர்கள் மண்டையின் பெரும்புண்ணொன்றை வயிற்றினுள்ளிருந்து எடுத்த சவ்வினால் இவ்விதம் மூடிய செய்தியை 1972-ல் வெளியிட்டனர். இணைத்த குழாயில் இரத்தம் உறைந்தால் பொருத்திய தசை மாண்டுபோகும். ஆதலின் இரவு பகலாகக் கவனிக்கத் தேர்ந்த தாதியரும், அவசியமாயின் உடனே திறந்து சீர்செய்ய வைத்தியரும் வேண்டும். ஏழைக்கு இவை எளிதில் கிட்டுவனவா?

இஃது அழகுக்காகச் செய்யும் ஆடம்பரம் என்று சொல்வாரும் உளர். மூடாது விட்ட எலும்பு உலர்ந்து சாகும். அங்கே பற்றிய நோய் மூளை வரையிலும் எட்டக்கூடும் என்பதை அவர்கள் அறியார் போலும்! உயிரைக் காப்பது ஆடம்பரமாகாது. மனிதன் மறுபடி நாலுபேர் நடுவே தலைநிமிர்ந்து நின்று வேலை கேட்க வழிசெய்வதும் ஆடம்பரமாகாது.

அமில வீச்சுக்கு ஆளானோருக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கவேண்டும், சீரமைப்பு ரண சிகிச்சையும் அதில் அடங்கும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மின்கம்பத்தில் வேலைசெய்து நெற்றி கருகிய தொழிலாளி செய்த குற்றம் என்ன? புற்றுநோய்க்கு நெற்றியைப் பறிகொடுத்த கிழவி செய்த பாவம் என்ன? புண் ஒன்றாயிருக்க, காரணத்தைப் பார்த்து உரிமையைப் பங்கிடுவது நியாயமாகாது.

அந்த உரிமையை நெற்றியிழந்தோர் அனைவருக்கும் சர்க்கார் சட்டமாக்க வேண்டும். கருவியும் பயிற்சி பெற்றோரும் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் ஜில்லா ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளுக்கும் எட்டவேண்டும். பொதுஜன ஊழியர்கள் இக்கோரிக்கையை மேடைதோறும் எழுப்புவார்களாக. புனா வைத்தியரின் கீர்த்தியைப் பேச நமக்குள்ள உரிமை அதனாலேயே நிலைபெறும்.