ஊசிக்குக் கூலி உண்டா?

கொரோனா தடுப்பூசிக்கு மக்கள் ஏன் தயங்கினார்கள் என்று கேட்டால், படித்தவர்களிடம் இன்றும் ஒரே பதில்தான்: அறியாமை, வாட்ஸ்அப் வதந்தி. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கியடிக்கும் ஒரு வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. 2021-இல் என் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேட்ட முதல் கேள்வி, ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதல்ல. "அண்ணா, போட்டா எத்தன நாளைக்குக் காச்சல் அடிக்கும்?" என்பதுதான்.

பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லருக்கு மெஷினில் உட்கார்ந்தால்தான் காசு. ஊசிக்கு வரிசையில் நின்றால் அரை நாள் போகும். மறுநாள் கையைத் தூக்க முடியாது, உடம்பு கொதிக்கும். ஓவர்லாக் அடிக்கிற அக்கா ஒருவர் கணக்கைத் தெளிவாகவே சொன்னார்: "எனக்கு வந்தாப் பரவால்லீங்ணா, டோலோ போட்டுட்டுப் படுத்துக்குவேன். வீட்டுக்காரருக்கும் ஒண்ணாச் சேந்து வந்துட்டா, அந்த வாரம் வட்டிக்காரனுக்கு என்னங்ணா சொல்றது?" புருஷனும் பெண்டாட்டியும் வாரம் மாற்றித்தான் போட்டுக்கொண்டார்கள். இதற்குப் பெயர் அறியாமையா?

பயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி இறந்துபோனார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் மத்திய அரசின் குழு ஆராய்ந்து அதையே உறுதி செய்து அறிக்கை வெளியிட அக்டோபர் ஆனது. அந்த ஆறு மாதமும் என் கடை வாசலில் அந்தப் பேச்சு ஓயவில்லை. "நீ போட்டுட்டியா?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. போட்டுவிட்டேன் என்றால், "எப்படி இருக்கு?" என்று முகத்தை உற்றுப் பார்ப்பார்கள்.

கோவிஷீல்டு ஊசியின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியும் சும்மா இருக்கவில்லை. முதலில் நாலு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரம் ஆனது. மே நடுவில் 12 முதல் 16 வாரம். ஆராய்ச்சி வளர வளர விதி மாறுவது இயல்புதான். ஆனால் ஏன் மாறியது என்று வீதியில் நின்று யாரும் சொல்லவில்லை. சரக்கு இல்லாததால் நாளைத் தள்ளுகிறார்கள் என்று மக்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஊசி போட்ட பிறகு அபூர்வமாக ரத்தம் உறைவது பற்றியும் அப்படித்தான். பத்து லட்சம் டோஸுக்கு 0.61 பேர் என்ற கணக்கை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 17-ஆம் தேதியே வெளியிட்டது. அது அறிக்கையோடு நின்றுபோனது. மூன்று ஆண்டு கழித்து, 2024-இல், லண்டன் நீதிமன்றத்தில், கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் அதை ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், "மறைச்சிட்டாங்களே" என்று ஊரே பதறியது. முன்னாலேயே தமிழில், தெருவில் சொல்லியிருந்தால் இந்தப் பதற்றத்துக்கு வேலையே இல்லை.

இருந்தாலும் கூலிதான் பெரிய விஷயம் என்பேன். ஏப்ரலில் ஒதுங்கிய அதே ஆட்கள் ஜூனில் விடியற்காலையில் பள்ளிக்கூட வாசலில் டோக்கனுக்குக் காத்து நின்றார்கள். இரண்டாம் அலையில் சாவைப் பார்த்தது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. காய்ச்சலில் படுத்தால் இழப்பதற்குக் கூலி இல்லை. ஆனால் போன நேரத்தில் ஊசிதான் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 12 முதல் மெகா தடுப்பூசி முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. அக்டோபரில் ஒரு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். குடிக்கிறவர்களும் கறி சாப்பிடுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை வரத் தயங்குகிறார்கள் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணம் சொன்னார். அது உண்மையும்கூட, "ஊசி போட்டா எத்தன நாள் தண்ணி அடிக்கக் கூடாது?" என்று என்னிடமே வெட்கப்படாமல் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீதிக்கு அந்த மாற்றம் வேறு விதத்தில் உதவியது. ஞாயிற்றுக்கிழமை போட்டால் காய்ச்சல் திங்கட்கிழமைக் கூலியைத் தின்னும். சனிக்கிழமை சாயங்காலம் போட்டால் ஞாயிறு முழுக்கப் படுத்துக்கொள்ளலாம். அரசு தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, நல்ல காரியம்.

தெரிந்தே செய்ய வழி இல்லாமல் இல்லை. அதே 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அன்றைக்குத் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அப்படிச் சொல்கிறது. அது எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. ஊசிக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவில் அதே மாதம், ஊசிக்கும் அதன் பிறகு வரும் காய்ச்சலுக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிற சிறு நிறுவனங்களுக்கு, 500 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு, அந்தப் பணத்தை வரிக்கழிவாகத் திருப்பித் தருவதாக அன்றைய அதிபர் பைடன் அறிவித்தார்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு விழிப்புணர்வுப் பாட்டு எழுத ஆள் தேடுவதற்கு முன்னால், இப்போதே ஓர் அரசாணை போட்டு வைக்கலாம்: தொற்றுக்காலத்தில் ஊசி போடும் நாளுக்கும் அடுத்த நாளுக்கும் கூலி உண்டு, பீஸ் ரேட் ஆளுக்கு முந்தைய வாரச் சராசரிப்படி. சிறு கம்பெனிகளால் தாங்க முடியாதென்றால் பாதியை அரசு ஏற்கட்டும். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் இதை இப்போதே கேட்க வேண்டும்.