பத்து கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது?

சமுதாய வானொலி என்று பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்து விழுகிறது. ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது, பக்கத்து ஊருக்குக்கூடக் கேட்காத ரேடியோ யாருக்கு வேண்டும்? ஊர்ப் பாட்டை யூடியூபில் ஏற்றலாம், புயல் எச்சரிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், எதற்கு வீண் செலவு? நாட்டார் கலையிலும் சூழலிலும் அக்கறை உள்ளவர்களே இப்படிச் சொல்லும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. இந்த வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் எந்தத் துண்டும் தேறாது.

தூரம் குறைவு என்பதிலிருந்து தொடங்குவோம். 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டருக்கு மேற்படாத ஆன்டெனா என்பது நம் நாட்டு விதி. சமவெளியில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். இது போதாது என்பவர்கள் பாம்பனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே 2016 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ‘கடல் ஓசை’ ஒலிக்கிறது. மீனவர்களுக்கான நிலையம், அதில் பேசுவோரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பாம்பன் தீவுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா பொங்கி நிற்க, வடகடல் சற்று அடங்கியிருக்கும். வடகிழக்கு வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். ‘ராமநாதபுரம் மாவட்டக் கடற்பகுதியில் பலத்த காற்று வீசக்கூடும்’ என்று சென்னையிலிருந்து வரும் ஒரு வரி அந்த மீனவருக்கு எவ்வளவு உதவும்? எந்தக் கடல், எந்தக் கரை, விசைப்படகுக்கா நாட்டுப்படகுக்கா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அதே கரையில் நிற்கிற ஒருவர் வேண்டும். மாநிலம் முழுக்கக் கேட்கும் நிலையம் பாம்பனுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்காது, ஒதுக்கவும் முடியாது. பத்து கிலோமீட்டர் நிலையத்துக்கோ அதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கு இந்த அலை எட்டாது. 2017-இல் ஒக்கி புயலில் நடுக்கடலில் சிக்கியவர்களை எந்த 50 வாட் நிலையமும் எச்சரித்திருக்க முடியாது. அவர்களுக்கு வேறு கருவிகள் வேண்டும். ஆனால் கரைவலைக்காரர்களும், நாட்டுப்படகுக்காரர்களும், தீவோரத்தில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களும் அலை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது யூடியூப். ஏற்றுவது வேறு, கேட்கப்படுவது வேறு. எந்த வீடியோ யார் கண்ணில் படவேண்டும் என்பதை ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கணினிக் கணக்கு ஒன்று முடிவு செய்கிறது. வலை பின்னும் கையும் கருவாடு புரட்டும் கையும் திரையைத் தொட்டுத் தேடிக்கொண்டிருக்காது. ரேடியோவுக்குக் காது மட்டும் போதும். அதற்காகச் செல்போனை எதிரியாக்க வேண்டியதும் இல்லை. செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியது. புயலில் டவர் விழுந்து சிக்னல் போன பிறகும் அந்த வசதி வேலை செய்யும்.

‘தரம் இருக்காது’ என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடியபடி கயிற்றை இழுப்பார்கள். அந்த முன்பாட்டுக்காரரை ஏ.சி. ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் தடுமாறிவிடுவார். கையில் கயிறு இல்லாதபோது மூச்சை எங்கே இழுத்து எங்கே விடுவது? மைக்தான் கரைக்குப் போக வேண்டும். பஞ்சுறை மாட்டி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாலும் அலையிரைச்சல் உள்ளே வரும், வரட்டும். வலை கிட்ட வரவரப் பாட்டு வேகம் பிடிக்கும், அடிகள் குறுகும், வலையின் மடி மணலில் ஏறும்போது பாட்டு எது, கூச்சல் எது என்று பிரிக்க முடியாது. சுத்தமாகப் பதிவு செய்த சினிமாப் பாட்டையே நாள் முழுக்கச் சுழற்றும் நிலையம் எதுவும் இதற்காக மணலில் கால் வைக்காது. பல கரைகளில் இப்போது டிராக்டரும் விஞ்சும் வலை இழுக்கின்றன. பாட்டுக்கு வேலை போய்க்கொண்டிருக்கிறது. இன்று பதிவு செய்யாவிட்டால் பத்து ஆண்டு கழித்துப் பதிவு செய்ய ஆள் இருக்குமா?

தெலங்கானாவின் மச்சனூரில் 2008-இல் தொடங்கிய ‘சங்கம் ரேடியோ’ இன்னொரு சாட்சி. தலித் பெண் விவசாயிகளின் நிலையம் அது. ‘ஜெனரல்’ நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இருவர் ஒலிப்பதிவு, தொகுப்பு எல்லாவற்றையும் கையிலெடுத்துக்கொண்டார்கள். சிறுதானியம், விதைச் சேமிப்பு, வயல் பாட்டு என்று அவர்கள் பேசியதில் தரக்குறைவு எங்கே இருக்கிறது?

சுற்றுச்சூழல் என்றால் உபதேசம்தானே, யார் கேட்பார்கள் என்றும் சொல்கிறார்கள். உபதேசம் செய்தால் கேட்க மாட்டார்கள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. இதை வனத்துறைப் பலகை சொன்னால் அது மிரட்டல். பக்கத்துத் தெருக்காரர் தன் பேச்சுமொழியில், அந்தத் தீவில் ஏறி நின்ற நினைவோடு சொன்னால் அது வீட்டுச் செய்தி. கடல் ஓசையில் பருவநிலை மாற்றம் பற்றிய நிகழ்ச்சிக்கு ‘சமுத்திரம் பழகு’ என்று பெயர். சினை நண்டைத் திரும்பக் கடலில் விடு என்று அதிகாரி சொல்வதைவிட, விட்டுவிட்டு வந்த ஒருவர் ரேடியோவில் சொல்வது ஆழமாக இறங்கும்.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்று 2024-இல் அரசு உயர்த்தியது. அப்படியும் சிறு நிலையத்துக்கு நெருக்கடிதான். லாபம் தரவில்லை என்று ஊர் நூலகத்தை மூடச் சொல்வோமா?

இந்த வானொலிகளிடம் குறை காண விரும்புபவர்கள் காணவேண்டிய குறை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்லும் உரிமை இன்றுவரை இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். நேபாளத்தில் சுற்றுச்சூழல் பத்திரிகையாளர்களின் அமைப்பு 1997-இல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா, காத்மாண்டு மக்களின் பிரச்சினைகளைச் செய்தியாகவே பேசுகிறது. இங்கே புயல் எச்சரிக்கை சொல்லலாம், குடிநீர் வராத நேரத்தைச் சொல்லலாம், திருவிழாவைச் சொல்லலாம். கரையில் மீன் செத்து ஒதுங்கினால், எந்த ஆலையின் கழிவு கலந்தது என்று விசாரித்து அன்று மாலையே செய்தியாகச் சொல்ல முடியாது.