முதுமையில் நட்பு

இளமையில் நட்புக்கொள்வது எளிது. அதற்கென நாம் பெரிதாக எதையும் செய்வதில்லை. விடியுமுன் தெருவிலே பாவை நீட்டிக் கஞ்சி போடுவதற்கு ஒரு குடும்பத்தின் கைகள் போதமாட்டா. அண்டை வீட்டார் வந்தே தீரவேண்டும்; அவர்கள் பாவு நீட்டும் நாளில் நாமும் போயாக வேண்டும். கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிகளுக்கும் அப்படியே. தொழில்தான் நம்மைச் சேர்த்து வைத்திருந்தது. நாமோ அதை நமது குணத்தின் சிறப்பென்று எண்ணியிருந்தோம்!

கண் மங்கித் தறியைவிட்டு இறங்கிய பின்னரே உண்மை விளங்குகிறது. நூல் வாங்கும் நாளும் துணி கொடுக்கும் நாளும் இல்லையென்றால் சங்கத்திற்கு வரக் காரணம் ஏது? இரண்டு தெரு தள்ளி இருப்பவரை ஆறு மாதமாகப் பார்ப்பதில்லை. மனத்தாங்கல் ஒன்றுமில்லை, சந்திப்பும் இல்லை.

மனத்தாங்கலால் பிரிகிறவர்களும் உண்டு. நிர்வாகக் குழுத் தேர்தலில் எதிரணியில் நின்றார், கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட மறுத்தார் என்று முப்பதாண்டுப் பழக்கத்தை அறுத்துக்கொண்டோர் நம் அங்கத்தினரிடையே குறைவல்லர். அவர்களுக்கு ராஜாஜி, பெரியார் ஆகிய இருவரையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

ஒருவர் சேலம் நகரசபைத் தலைவராகவும் மற்றவர் ஈரோடு நகரசபைத் தலைவராகவும் இருந்தவர்கள். காங்கிரசில் கதருக்காக ஒன்றாய் உழைத்தவர்கள். 1925-இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அதன் பின் சமயம், சாதி ஆகிய பெரிய விஷயங்களில் இருவரும் எதிரெதிர்த் திசையிலேயே நின்றனர். 1938-இல், ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, இந்தி எதிர்ப்புப் போராட்டத்திற்காகப் பெரியார் சிறை சென்றார். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைப் பெரியார் கடுமையாக எதிர்த்தார். இவற்றுக்கு இடையே 1949-இல், தமது மறுமணத்திற்கு முன், பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று சந்தித்தது, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த அதே ராஜாஜியைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜி தமது 94-ஆம் வயதில் காலமானார். 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்திற்கு வந்து கண்ணீர் விட்டார்.

கருத்து ஒற்றுமை இவர்களைச் சேர்த்து வைக்கவில்லை என்பது வெளிப்படை. நீ உன் கொள்கையை விட்டால்தான் நண்பன் என்று ஒருவர் மற்றவரிடம் விலை பேசவில்லை. வேண்டியபோது எழுந்து போய்ப் பார்த்தார்கள். நம்மில் பலருக்கு முதலாவது கைவரும், இரண்டாவதில்தான் சோம்பல். யார் முதலில் போவது என்ற கௌரவக் கேள்வி வேறு!

ஆகவே என் யோசனை இது. மாதந்தோறும் கூலி பட்டுவாடா நாளன்று, தறியைவிட்டு ஓய்ந்தவர்களையும் சங்கம் ஆள் அனுப்பி அழைக்க வேண்டும். உட்கார ஒரு பெஞ்சியும் ஒரு குவளைத் தேநீரும் போதும். அச்செலவுக்குச் சங்க விதிகள் இடங்கொடாவெனில், நாமே ஆளுக்கு ஐந்து ரூபாய் போடலாம். நடக்க முடியாதவர் வீட்டுக்கு இருவர் சென்று வரட்டும்.

அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். அதை ஆமோதிக்கும்படி, சென்ற தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவரையே கேட்கப்போகிறேன்.