தொட்டிக்குள் வர்ற தண்ணியும் வெளியே போற தண்ணியும்

மீன்தொட்டி ஆசை இப்போ தோட்டத்து லயங்களிலும் நல்லாவே பரவியிருக்கு. டவுனில் இருந்து கப்பியும் ஃபைட்டரும் பொலிதீன் பையில் வரும். ஒரு மாசத்தில் தொட்டி பெருசாகும், ஃபில்டர் வரும், அப்புறம் யூடியூப்பில் ஒரு வீடியோ கண்ணில் படும்: தானாகவே தண்ணி மாத்தும் அமைப்பை வீட்டிலேயே செய்வது எப்படி? மோட்டார், டைமர், மின்வால்வு, குழாய், எல்லாம் அழகாத்தான் இருக்கும். அந்த அமைப்பை நம்ம இளைஞர்கள் கட்டாயம் செய்து பார்க்கணும் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனா வீடியோவில் காட்டுற மாதிரி இல்லை.

முதலில், தண்ணி ஏன் மாத்தணும்? மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வருது. அது மீனுக்கு நஞ்சு. ஃபில்டரில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாத்தும். நைட்ரேட்டோடு ஃபில்டரின் வேலை முடிஞ்சுது. அதில் கொஞ்சத்தைத் தொட்டிச் செடிகள் எடுத்துக்கொள்ளும், மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற நமக்கு இருக்கிற எளிய வழி பழைய தண்ணியை எடுத்துப் புதுசு ஊத்துவது. அதையும் ஒரேயடியா பாதித் தொட்டிக்கு மேல் செய்தா, சூடும் அமிலத்தன்மையும் சட்டென்று மாறி மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா, விடாம மாத்துவதுதான் நல்லது. தானியங்கி அமைப்பின் நியாயம் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை.

இன்னொரு நியாயமும் இருக்கு. நிறைய வீடுகளில் தண்ணி மாத்தும் தானியங்கி ஏற்கனவே ஓடிக்கொண்டுதான் இருக்கு. அதுக்குப் பேர் அம்மா. மகன் கொழும்பில் வேலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வீட்டுக்கு வருவான். தொட்டி அவனுடையது. விடியக்காலையில் இறப்பர் பால் வெட்டப் போய்வந்து, பீலியில் வாளி பிடித்துத் தூக்கி வந்து ஊத்துவது அம்மா. பொழுதுபோக்கு ஒருத்தருக்கு, சுமை இன்னொருத்தருக்கு. அந்தச் சுமையைக் குறைக்கிற எந்தக் கருவிக்கும் நாங்கள் ஆதரவு.

பிரச்சினை என்னன்னா, அந்த வீடியோக்கள் எல்லாம் ரெண்டு விஷயத்தைக் கேட்காமலேயே நம்புது. குழாயில் எப்பவும் தண்ணி வரும், வெளியே போற தண்ணி எங்கோ ஒரு கழிவுக் குழாயில் மறைஞ்சுபோகும். நம்ம லயத்தில் ரெண்டும் கிடையாது. மின்சாரத்தையும் சேர்த்துச் சொல்லலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாடு இது. மோட்டாரை நம்பின அமைப்பு அன்றைக்கு என்ன செய்யும்?

பல தோட்டங்களில் மலை ஊற்றில் இருந்து குழாய் வழியா பீலிக்குத் தண்ணி வருது. அதை எத்தனையோ குடும்பங்கள் பங்கு போடுறாங்க. வெயில் மாசங்களில் ஊற்று மெலியும், வரிசை நீளும். அந்தப் பொதுக் குழாயில் ஒரு கிளையை இழுத்துத் தொட்டிக்குக் கொடுத்து, நிமிஷத்துக்கு ஒரு லீட்டர் ஓட விட்டா ஒரு நாளைக்கு 1,440 லீட்டர் போகும். யாரும் கணக்குப் பார்க்காததால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா வரிசையில் கடைசியா நிற்கிறவருடைய குடத்தில் தெரியும்.

உண்மையில் தொட்டிக்கு எவ்வளவு வேணும்? இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலீட்டர். ரெண்டு செக்கனுக்கு ஒரு சொட்டு விழுந்தா ஒரு நாளைக்கு 43,200 சொட்டு, அதாவது ரெண்டு லீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிழமைக்கு 15 லீட்டர். 60 லீட்டர் தொட்டிக்கு அது கால்வாசி. புதுத் தண்ணி பழசோடு கலந்தே வெளியே போவதால் மெய்யாக மாறுவது 22 சதவீதம் அளவில் நிற்கும். அளவா மீன் வைத்திருக்கிற தொட்டிக்கு இது போதும். மீன் கூடுதலா இருந்தா செக்கனுக்கு ஒரு சொட்டு விடுங்க, அதுக்கு மேல் தேவைப்பட்டா மீனைக் குறைங்க.

ஆகவே எங்கள் அமைப்பு இப்படி. மூடியுள்ள 20 லீட்டர் கேன் ஒன்றைத் தொட்டியை விட உயரத்தில், அசையாத தட்டில் வையுங்க. அடியில் ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்ன வால்வு. கேனில் தண்ணி குறையக் குறைய அழுத்தம் குறைஞ்சு சொட்டும் மெதுவாகும். அதுக்குப் பழைய தீர்வு ஒன்று இருக்கு. மூடியைக் காற்றுப் புகாம இறுக்கி, அதில் ஒரு குழாயைச் செருகி, கேனின் அடிவரைக்கும் இறக்கிவிடுங்க. காற்று அந்தக் குழாய் வழியா மட்டுமே உள்ளே வரும், சொட்டின் வேகம் கடைசிவரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிவியலாளர் மரியோட்டின் பெயரில் வழங்குகிற குப்பி இது. மோட்டாரும் வேணாம், டைமரும் வேணாம்.

ஒரு கேன் ஒன்பது நாளுக்கு வரும். அதைத் தூக்கி நிரப்புவது தொட்டிக்காரர் வேலை. அவர் இல்லாத நாளில் தீர்ந்துபோனாலும் பரவாயில்லை, தண்ணி மாறாம ஒருசில நாள் தள்ளினா மீன் தாங்கும். சபைத் தண்ணி என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊத்துங்க, வாளிக்கு மேல் துணியைக் கட்டுங்க. டெங்கு நுளம்புக்குத் திறந்த வாளி போதும். கேனின் பெரிய நன்மை வேறு: வால்வு பழுதானாலும் சிந்தப்போவது அதிகபட்சம் 20 லீட்டர். பொதுக் குழாயில் நேரடியா மாட்டினா சிந்துவதற்கு எல்லையே இல்லை.

இனி வெளியே போற தண்ணி. கண்ணாடிக் கடையில் தொட்டி செய்யச் சொல்லும்போதே, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்க. மட்டம் ஏறினதும் மிஞ்சினது குழாய் வழியா வழிஞ்சு வாளிக்குப் போகும். ஓட்டைக்கு நெருக்கமான வலை கட்டாயம். வாளி கேனை விடப் பெருசா இருக்கணும். அந்தக் குழாயைக் கானுக்குள் விடவே கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வரக்காப்பொலைக்குப் பக்கத்தில் கலபிட்டமட இருக்கு. அங்கே வயலுக்கும் இறப்பருக்கும் நடுவே ஓடுகிற ஒரு சிற்றோடைதான் பந்துல பெத்தியா என்ற மீனின் இயற்கையான வீடு என்று அறியப்பட்ட ஒரே இடம். 1991இல்தான் அதைத் தனி இனமாக அறிவியல் பதிவு செய்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இருக்கு, சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கு. உலகம் முழுக்க ஒரே ஓடையில் வாழ்கிற உயிருக்கு ஒரு தவறே போதும்.

தொட்டியில் இருந்து தப்பினவை என்ன செய்யும் என்று இந்த நாடு ஏற்கனவே பார்த்திருக்கு. கண்ணாடி துடைக்க என்று வாங்குகிற டேங்க் கிளீனர் இன்றைக்கு நம்ம நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு மீன். அழகுக்கு வந்த கத்தி மீனும் அப்படித்தான். 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்காக வந்த சல்வீனியா குளங்களையும் வயல்களையும் மூடியது. உங்கள் வாளித் தண்ணியில் கப்பிக் குஞ்சோ, நத்தை முட்டையோ, செடித் துண்டோ இருக்கலாம். மருந்தும் இருக்கலாம். ஓடைக்குப் போனபின் எதையும் திருப்பி எடுக்க முடியாது.

ஆனா அதே தண்ணி கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் பசளை. செடிக்குத் தேவையான நைட்ரேட் அதில்தானே இருக்கு. வலையில் வடிச்சு வீட்டுத்தோட்டத்தில் ஊத்துங்க. உப்போ மருந்தோ போட்ட நாளில் மட்டும் மரக்கறிக்கு வேணாம், ஓடைக்குத் தூரமா ஒரு மண் குழிக்குள் போகட்டும். வளர்க்க முடியாத மீனை ஓடையில் விடாம, கடைக்கோ இன்னொரு தொட்டிக்காரருக்கோ கொடுங்க.

இந்த அமைப்புக்குப் பெரிய செலவில்லை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். செய்து முடிச்சதும் முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு சொட்டுது என்று அளவுக் கோப்பையில் பிடித்துப் பாருங்க, 90 மில்லிலீட்டர் வந்தா சரி. கலபிட்டமட பக்கம் போனா அந்த ஓடையையும் பார்த்துவிட்டு வாங்க. வலையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்க.