எழுத்துருச் சிறையில் நம் எழுத்துகள்

பிழைப்புக்கு ஒரு தொழிலும் மனநிறைவுக்கு எழுத்தும் என வாழ்பவர்களே நம்மில் பெரும்பாலோர். வீடு அடங்கிய பின் கிட்டும் ஒரு மணி நேரமே நமது இலக்கிய உலகம். நேரம் போதவில்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறோம். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் எழுத்தன்று, எழுத்தைச் சுற்றியுள்ள நுட்பச் சிக்கல்களே என்பது எமது கருத்து.

ஒருங்குறி பரவுவதற்கு முன் கணினியில் எழுதியவர்களின் கோப்புகளையே எடுத்துக்கொள்வோம். திஸ்கி, டாப், டாம், பாமினி என ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் தட்டச்சு செய்தோம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கதை மறைந்து பொருளற்ற குறிகளே எஞ்சுகின்றன. எழுதியவர் இருக்கும்போதே எழுத்து வாசிக்க முடியாமற் போவது எளிய இழப்பன்று.

இதைச் சரிசெய்வது மந்திர வித்தையுமன்று. பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பதன் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் பதிவாகும். எனவே குறிகளை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். குறியேற்ற மாற்றிகள் இதைச் செய்துவிடுகின்றன. ரகரமும் துணைக்காலும் மயங்குவது, 'ஔ' என்பது 'ஒள' என்றாவது போன்ற பிழைகளை மட்டும் நாம் கண்கொண்டு திருத்த வேண்டும்.

"இவையெல்லாம் கணினி வல்லுநர் வேலை, இலக்கியவாதிக்கு எதற்கு?" என்பார் உளர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல விடை. பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள், தம் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கினர். திஸ்கியில் தொடங்கிப் பின்னர் ஒருங்குறிக்கும் மாறினர். அவர்களுக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரமே இருந்தது.

எமது பரிந்துரை இதுதான்: படைக்கும் நேரத்தையும் பழுதுபார்க்கும் நேரத்தையும் கலக்க வேண்டாம். வாரத்தில் ஓர் இரவைப் பழுதுபார்ப்பதற்கென ஒதுக்குவோம்; மற்ற இரவுகளில் எழுதுவோம். இடையில் தடை வந்தால் குறித்து வைத்துவிட்டு மேலே செல்வோம். மாற்றும்போது முதலில் ஒரு பக்கத்தைச் சோதிப்போம். மூலக் கோப்பை அழிக்காதிருப்போம்.

தட்டச்சுக்கும் இதுவே பொருந்தும். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர்கள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானே விழும். பழகும் நாட்களில் வேகம் குறையும் என்பது உண்மையே. ஆனால் ரோமன் எழுத்தில் எண்ணித் தமிழில் எழுதும் சுமை அதன்பின் இல்லை. தட்டச்சுப்பொறி முறையில் விரல் பழகியவர்கள் மாறத் தேவையில்லை. பழகிய கருவியைக் கைவிடுவதும் நேர விரயமே.

ஓலையைப் பதப்படுத்தித் துளையிட்ட பிறகே நம் முன்னோர் எழுத்தாணியை எடுத்தனர். அவ்வுழைப்பும் ஏட்டின் ஒரு பகுதியே. இவ்வாரம் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு கதையை மட்டும் மீட்டெடுப்போம்.