ஓடைக்கு 60 நாள் பொறுமை கிடையாது

நொய்யல் ஆற்றில் வந்து சேரும் ஓடைகளில் கழிவு கலக்கிறதா என்று திருப்பூர் வட்டாரத்தில் தன்னார்வலர்களும் கரையோர விவசாயிகளும் கண்காணிக்கிறார்கள். வாளியில் தண்ணீர் மொண்டு, நீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டரை நனைத்து, அது காட்டும் எண்ணை நேரம் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கழிவுநீர் மாதிரி நீதிமன்றத்தில் சான்றாக நிற்க, அதிகாரம் பெற்ற அலுவலர்தான் அதை எடுக்க வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புத் தந்து, மாதிரியை இரண்டு பங்காக்கி முத்திரையிட வேண்டும். யார் மீதும் பொய்ப்பழி விழாதிருக்க இந்த நடைமுறை தேவை. ஆனால் அலுவலர் வந்தால்தானே மாதிரி? இரவில், மழையோடு மழையாகத் திறந்துவிடும் சாயக்கழிவு விடிவதற்குள் ஓடையைக் கடந்துவிடும். மறுநாள் மதியம் எடுக்கும் மாதிரியில் குற்றம் தெரியாது. புகார் கொடுத்தவர்தான் பொய்யராவார்.

குடிமக்கள் நேரடியாக வழக்குத் தொடுக்கவும் அதே சட்டம் வழிவிடுகிறது. அதற்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கழிவு கடந்துபோவதோ சில மணி நேரத்தில்.

மீட்டரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நீரின் மின்கடத்து திறனைக் கொண்டு அது கரைந்த உப்பை மதிப்பிடுகிறது. அந்த உப்பு யாருடையது என்று அதற்குத் தெரியாது. உலோகங்களையோ சாக்கடைக் கிருமிகளையோ அது காட்டாது. ஆனால் ஒரே இடத்தில் நாள்தோறும் அளப்பவர்களுக்கு ஓடையின் வழக்கமான அளவு தெரியும். அது திடீரென ஏறினால், சோதிக்க வேண்டிய நேரம் அதுதான். அந்த நேரத்தில் மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

எச்சரிக்கையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் அறியும். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; தொழிலாளர் வேலையிழந்தனர். அதன்பின் பெருஞ்செலவில் கழிவை முழுமையாகச் சுத்திகரித்து மீண்டும் இயங்கும் பட்டறைகள் உண்டு. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவர்களால் நேர்மையாக நடக்கும் அவற்றுக்கும் கெடுதல்தான்.

எனவே மாசைக் கட்டுப்படுத்தும் பொறுப்புள்ள அமைப்புதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இரவுப் புகாருக்கும் பதிவெண் தரப்பட வேண்டும். புகார் வந்த சில மணி நேரத்துக்குள், புகாரில் சொன்ன இடத்திலேயே, மாதிரி எடுக்கப்பட வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஏன் என்பது எழுத்தில் பதிவாக வேண்டும். முடிவு புகார்தாரருக்கும் ஊருக்கும் தெரிய வேண்டும். வீட்டுச் சாக்கடை கலக்கும் இடங்களுக்கு உள்ளாட்சி நிர்வாகம் இதே முறையில் பதில் சொல்ல வேண்டும். ஆலைகளுக்கு ஒரு சட்டம், நகராட்சிச் சாக்கடைக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மாதிரி எடுக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எத்தனை மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற ஆணைதான் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த ஆணை வெளிவர வேண்டும்.