மலைக்குரிய பருவம்

மலையிடத்தே கூடாரமிட்டு இரண்டொரு நாள் தங்கி வருதல் கல்லூரி மாணவர்க்கு வேண்டுவதொரு பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஏட்டறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு நாட்கழிக்கும் நமக்கு, நீர் சுமக்கவும், சோறு சமைக்கவும், இருளுக்கு அஞ்சாதிருக்கவும், தன் பசிக்கு முன்னே தோழன் பசியைக் கருதவும் அது கற்பிக்கின்றது. ஆதலின், செல்லலாமா என்பதன்று ஈண்டு வினா. எப்பொழுது செல்லுதல் வேண்டும் என்பதே வினா.

நம்மவர் இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் முறை யாவரும் அறிந்ததே. முதற்கண் விடுமுறை நாளைப் பார்க்கின்றோம்; பின்னர் வண்டி பேசுகின்றோம்; அதன்பின் அரிசி பருப்பிற்குப் பணம் திரட்டுகின்றோம். நாம் கருதிய மலை அந்நாளில் எந்நிலையில் இருக்கும் என்னும் எண்ணம் இறுதியிலே தோன்றுகின்றது. சிலபோது தோன்றாமலே போகின்றது. பங்குனியிற் கிடைக்கும் இரண்டொரு நாளிலோ, தேர்வு முடிந்து சித்திரை வைகாசியில் வரும் நெடுவிடுமுறையிலோ புறப்பட்டுவிடுகின்றோம். நமக்கு ஓய்வு வாய்க்கும் அக்காலமே காட்டிற்கு இடர் மிக்க காலம் என்பதை நினைத்தோமில்லை.

நம் நாட்டு மலைச்சரிவுகளிற் பெரும்பகுதி இலையுதிர் காடுகளே. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கின்றது. தை பிறந்தபின் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல், மாசியிற் காய்ந்து சருகாகின்றது. சுனைகள் சுருங்குகின்றன; சிற்றோடைகள் வெறும் கற்களாகின்றன. அந்நிலையில் அணைக்காது எறிந்த ஒரு தீக்குச்சி ஒரு மலையையே எரிக்கப் போதுமானது. மேலும், தீ மலைச்சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும் இயல்பினது. கீழே எரியும் சுடர், மேலிருக்கும் புல்லை முன்னரே காய்ச்சி வைக்கின்றது. அச்சத்தால் மேல்நோக்கி ஓடுவோனை அது எளிதில் எட்டிவிடும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததைத் தமிழுலகம் மறந்திராது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றோர், கொழுக்குமலையினின்று இறங்கும் வழியிற் காட்டுத்தீயில் அகப்பட்டனர். இருபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவருட் பலர் இளைஞர். நம்மைப் போலவே மலையழகைக் காண விரும்பிச் சென்றவர். அவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று, கூறுதல் அறமுமன்று. ஆயின் அந்நாள் மாசித் திங்களின் கடைப்பகுதி என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தே ஒரு வியப்புத் தோன்றும். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் பொழுது வகுத்தனர் அன்றோ? மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு அவர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி முதல் தை ஈறாகிய நான்கு திங்கள். வேனிலையும், அதனோடு மாசி பங்குனியாகிய பின்பனியையும் அவர் பாலைக்கு உரியவாக்கினர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதை இளங்கோவடிகளும் காடுகாண் காதையில் உணர்த்தினார். இவற்றை அகப்பொருள் மரபு என்று மட்டுமே கருதித் தேர்விற்கு நெட்டுருச் செய்கின்றோம். இம்மரபு காதலைப் பாடுதற்கே வகுக்கப்பட்டதாயினும், மலையைக் கண்ணாற் கண்டு தெளிந்தோர் வகுத்தது. குரங்கணித் தீ பற்றியது பின்பனியில். அன்று அம்மலை குறிஞ்சியாக இல்லை, பாலையாகிவிட்டிருந்தது.

பருவத்தை முதலில் தேர்ந்தால் ஏனைய திட்டமெல்லாம் எளிதாகும் என்பதற்குக் கொல்லிமலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வல்வில் ஓரியின் மலை என்று நாம் படித்த அது, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுதற்குரியது. இருபது மாணவர் இரண்டு நாள் தங்குவதாகக் கொள்க. குடிக்கவும் சமைக்கவும் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் நீர் எனினும் மொத்தம் 200 லிட்டர். எடையோ 200 கிலோ. அதனைத் தோளிற் சுமந்து செல்லுதல் அரிது. எனவே நீர்நிலைக்கு அருகே தங்குதல் வேண்டும். பங்குனியில் அந்நீரை எங்கே தேடுவது? ஐப்பசி கார்த்திகையிலோ, மேலே பெய்த மழை கீழுள்ள ஓடையிற் சொல்லாமல் வந்து பெருகும். மழை ஓய்ந்து, ஈரம் மாறாது, ஓடையும் வற்றாதிருக்கும் மார்கழிக் கடையும் தை முற்பகுதியுமே கூடாரத்திற்கு ஏற்ற காலம்.

காலம் தேர்ந்தபின் இடம். காப்புக்காட்டினுள் அனுமதியின்றிப் புகுதல் 1882 ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி குற்றமாகும். குரங்கணி நிகழ்ச்சிக்குப் பின், 2018 இலேயே தமிழ்நாட்டரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தும் வைத்தது. ஆதலின் வனத்துறையினரின் இசைவைப் பெறுதலும், ஊரார் நிலத்தில் தங்குவதாயின் நிலத்திற்குரியாரின் இசைவைப் பெறுதலும் முதற்கடன். கொல்லிமலை ஆளில்லாக் காடன்று. சாமையும் கேழ்வரகும் விளைத்து, மிளகும் பலாவும் பேணி வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர். அவர்களுள் ஒருவரைக் கூலி கொடுத்து வழித்துணையாகக் கொள்ளுதல் அறமும் அறிவுமாகும். எந்தச் சுனை வற்றாது, எந்தத் தடம் வழுக்கும் என்பவற்றை நம் கைப்பேசி அறியாது, அவர் அறிவார்.

எஞ்சியவை சிறியனவேனும் விடற்பாலனவல்ல. கூடாரம் ஓடையினின்று 200 அடியேனும் தள்ளி அமைதல் வேண்டும். விறகு வெட்டலாகாது; சிற்றடுப்பு ஒன்றைக் கொண்டு செல்க. கொண்டுபோன உறையும் குப்பியும் திரும்பி நம்மோடே இறங்குதல் வேண்டும். செல்லும் வழியும் திரும்பும் நாளும் எழுதி விடுதிக் காப்பாளரிடமும் மலையூரார் ஒருவரிடமும் கொடுத்தல் வேண்டும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவர்: 'இத்துணைத் திட்டம் வகுத்தால் பயணத்தின் சுவை கெடாதோ? நினைத்தவாறு புறப்படுவதன்றோ இளமை?' சுவை என்பது வழி தவறி அலைவதில் இல்லை. நீரும் இடமும் உறுதியானவனே அச்சமின்றி விண்மீனை நோக்குவான். அவை இல்லாதவன் இரவெல்லாம் குடத்தையே நோக்கியிருப்பான். வேறு சிலர், 'கோடை வெப்பத்திற்கு அஞ்சியன்றோ மலையை நாடுகின்றோம்?' என்பர். அவர் ஏற்காட்டிலோ கோடைக்கானலிலோ விடுதியில் தங்கிக் குளிர்காற்றை நுகர்க. அதை யாம் மறுக்கவில்லை. காட்டிடையே கூடாரமிடுதல் வேறு. இன்னும் சிலர், தையில் மூன்று நான்கு நாளே விடுமுறை என்பர். நன்கு திட்டமிட்டார்க்கு இரண்டு இரவுகள் போதும். திட்டமிடாதார்க்குக் கோடை விடுமுறை முழுதும் போதாது.

எனவே, நம் கல்லூரி மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைமுகாம் எதனையும் மாசி முதல் வைகாசி வரை நடத்துவதில்லை என உறுதி செய்க. கிறிஸ்து பிறப்பு விடுமுறை, தைப்பொங்கல் விடுமுறை என்னும் இரண்டனுள் ஒன்றை ஆண்டுதோறும் அதற்கென ஒதுக்குக. ஆவணியிலேயே இடம் தேர்ந்து, ஐப்பசியில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் நேரிற் சென்று கண்டு வந்து, அதன்பின் பெயர் சேர்க்கத் தொடங்குக. நமக்கு ஒழிந்த நாளில் மலையைத் தேடுவதை விடுத்து, மலைக்கு உகந்த நாளில் நம்மை ஒழித்துக்கொள்வோம். மகனை நம்பி அனுப்பும் தாய்தந்தையர்க்கும், நம்மை வரவேற்கும் மலையூரார்க்கும் நாம் செய்யும் குறைந்த அளவான கடமை இதுவே.